ஆவாரம்பட்டையும் ஆன்லைன் பேராண்டியும்

வாடா பேராண்டி, வா. பெங்களூருல ஏசி ரூம்ல உக்காந்து மாசம் பொறந்தா சம்பளம் வாங்கிக்கிட்டு இருந்தவன், வேலைய விட்டுப்புட்டு ஆட்டுத்தோலு பதம் போடப் போறேன்னு வந்து நிக்கிற. கேக்கவே குளுகுளுன்னு இருக்கு. உங்கப்பன் இந்த நாத்தமே ஆகாதுன்னு பேகம்பூர்த் தோல்ஷாப்புப் பக்கம் தலவெச்சுப் படுக்காமப் படிச்சு, பேங்குல போயி உக்காந்தான். உன்னையும் எஞ்சினியரு ஆக்குனான். அவன் மூக்கப் பொத்திக்கிட்டு ஓடுன தூரத்த நீ கைக்காசு செலவழிச்சுத் திரும்பி நடந்து வந்திருக்க. நல்லா இரு.

செல்லுல ஒரு படம் காட்டுனியே, வெள்ளை வெளேர்னு சடைசடையா மயிரு தொங்குற தோலு. சோபா மேல விரிச்சுக் கெடக்கு, அது மேல ஒரு பூனை தூங்குது. ‘கெமிக்கல் கெடையாது, செடி கொடியில பதமானது’ன்னு கீழ எழுதியிருக்குன்னு சொன்ன. வெலையையும் சொன்ன. எங்க காலத்துல அந்தத் தொகைக்கு ஒரு ஜோடி உழவுமாடு வாங்கி, மிச்சத்துக்குக் கழுத்து மணியும் வாங்கியிருக்கலாம். ஆனா உழவுமாட்டு மேல பூனை தூங்காதுல்ல, அதான் வெல ஏறிப்போச்சு.

மொதல்ல ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காத. அந்தச் சடை ஆட்டுக்கு எங்க போவ? நம்ம பக்கத்துச் செம்மறியப் பாத்திருக்கியா? பிரியாணித் தட்டுல இல்ல, மேய்ச்சக் காட்டுல. மேச்சேரி ஆடு, ராமநாதபுரம் வெள்ளை, கீழக்கரிசல், வேம்பூரு ஆடு, எதப் புடிச்சுப் பாத்தாலும் ஒடம்புல கட்டை மயிருதான், கம்பளி கெடையாது. இந்த வெயில்ல கம்பளியப் போத்திக்கிட்டுத் திரியறதுக்கு அது என்ன சித்திரை மாசத்துல கோட்டு மாட்டிக்கிட்டு நிக்கிற கல்யாண மாப்பிள்ளையா? கம்பளிதான் வேணும்னா கோயமுத்தூருப் பக்கம் குறும்பாடு இருக்கு, மயிரு முரடு. ஊட்டி மலையில நீலகிரி ஆடு இருக்கு, நல்ல நயம் மயிரு. ஆனா அந்த இனமே அருகிப்போயி, சாண்டிநல்லாப் பண்ணையில வெச்சுக் காப்பாத்திக்கிட்டு இருக்காங்க. அதத் தோலுக்குக் கேட்டுப் போனா உன்னைய உரிச்சு அனுப்பிருவாங்க.

இன்னொண்ணும் கேட்டுக்க. கம்பளி அடர்ந்த ஆட்டுக்குத் தோலு தொளதொளன்னு இருக்கும், கொழுப்பு மண்டிக் கெடக்கும். மயிரு ஆட்டுக்குத்தான் தோலு இறுகி, வழுவழுன்னு வரும். மேச்சேரித் தோலுன்னா தோல் யாவாரத்துல தனி மருவாதி. சீமைக்காரன் தேடி வந்து வாங்குன சரக்கு காலடியில மேயுது, நீ சீமை ஆட்டுப் படத்த வெச்சுக்கிட்டு ஏங்குற. சரி விடு, வயசு அப்படி.

தோலு கெடச்சிருச்சுன்னே வெச்சுக்குவோம். கறிக்கடைக்காரன் விடியக்காலையில உரிச்சுருவான். நீ எந்திரிக்கிறது எத்தன மணிக்கு? எந்திரிச்சு, செல்லத் தடவி, காப்பியக் குடிச்சு, தோலு கூட நின்னு போட்டோ எடுத்து, அத ஊருக்கெல்லாம் அனுப்பி முடிக்கிறதுக்குள்ள வெயிலு அதுக்குள்ள பூந்து தன் வேலையக் காட்டியிருக்கும். உரிச்ச கொஞ்ச மணி நேரத்துலயே உப்பு விழுந்தாகணும். சதைப்பக்கம் மேல பாக்க விரிச்சுப்போட்டு, கல்லுப்ப அள்ளி, கழுத்து மடிப்பு, கால் மடிப்பு, ஓரம் சாரம் எல்லாம் விடாமத் தேய்க்கணும். மூணு கிலோ தோலுக்கு ஒரு கிலோவுக்கு மேலயே உப்பு புடிக்கும். அதுல மிச்சம் புடிச்சா, பின்னால ஊறப்போட்டு எடுக்கும்போது அந்த எடத்து மயிரு கொத்தாக் கையோட வரும். உன் பூனைக்கு வழுக்கைத் தோலுதான் மெத்தை.

உப்ப ஒரு ஓரமா ஞாபகம் வெச்சுக்க, அதப்பத்தி ஒரு கச்சேரி பாக்கி இருக்கு.

அடுத்து ஊறவெச்சு, ரத்தம் அழுக்கு போகக் கழுவி, சதை வழிக்கணும். வளைஞ்ச மரக்கட்டை மேல தோலப் போட்டு, அடிவயித்தால அத அமுக்கிப் புடிச்சுக்கிட்டு, ரெண்டு பக்கமும் புடி வெச்ச கத்தியால சவ்வையும் கொழுப்பையும் தள்ளித் தள்ளி எடுக்கணும். ஜிம்முக்குக் காசு கட்டுறியாமே, அத மிச்சம் புடிச்சுக்கலாம். கத்தி கொஞ்சம் சாஞ்சா தோலு கிழியும், கொஞ்சம் பயந்தா சவ்வு நிக்கும். சவ்வு நின்ன எடத்துல பட்டைத்தண்ணி உள்ள போகாது. போகலேன்னு மேல பாத்தாத் தெரியவும் தெரியாது.

மயிரு வேணாங்குறவன் இந்த எடத்துல சுண்ணாம்புக் குழிக்குப் போவான். சுண்ணாம்பு மயிரோட வேரத் தளத்தி, தோல ஊதவெச்சு, நாரப் பிரிச்சுக் குடுக்கும். நீ மயிரோட கேக்குறதால சுண்ணாம்பு உனக்கு ஆகாது. தப்பிச்ச. சுண்ணாம்புக் குழியில நின்னு தோலப் பெரட்டுனவன் கால்விரல் இடுக்க நீ பாத்ததில்ல. வெந்து, வெடிச்சு, செருப்புத் தோலு செஞ்சு குடுத்தவனுக்குச் செருப்பே போட முடியாது. செல்வராஜ் வக்கீலு இந்தத் திண்டுக்கல் தோல்ஷாப்புச் சனத்தப்பத்தி ‘தோல்’னே ஒரு நாவல் எழுதுனாரு, 2012-ல சாகித்திய அகாதமிப் பரிசு குடுத்தாங்க. தலகாணிக் கணக்குல தடியா இருக்கும். உனக்கு எங்க நேரம், ரெண்டு வரிக்கு மேல எழுத்து ஓடுனாலே அடுத்த படத்துக்குத் தள்ளிருவ.

இதே கை பட்ட தண்ணியக் குடிக்க மாட்டேன்னு அன்னைக்கு ஒதுங்கிப் போனவங்க இருந்தாங்க. அவங்க பேரப்புள்ளைக இன்னைக்குக் ‘கையால செஞ்சது’ன்னு சீட்டு ஒட்டுனா ரெண்டு மடங்கு குடுத்து வாங்குதாம். கை அதே கைதான். சீட்டு மட்டும் அன்னைக்கு எங்களுக்குத் தோணல.

சுண்ணாம்புல போட்ட தோலுக்கு இன்னொரு வேலை இருக்கு. சுண்ணாம்ப முறிச்சு, தோல நெகிழ வைக்கணும். மொராக்கோ நாட்டுல ஃபெஸ்னு ஒரு ஊரு. அங்க இன்னைக்கும் புறா எச்சத்துல ஊறப்போட்டு மிதிக்கிறாங்க. பாக்க வர்ற வெள்ளைக்காரனுக்கு மூக்குல வெச்சுக்கப் புதினாத்தழை குடுத்து மேல மாடிக்கு அனுப்புவாங்க. ஐரோப்பாவுல நாய்ப் பீயப் பொறுக்கி வித்தே பொழச்சவங்க உண்டு. 1907 வாக்குல ஜெர்மனியில ஓட்டோ ரோம்னு ஒருத்தரு, அந்த வேலையப் பாக்குறது அதுல இருக்குற செரிமானச் சாறுதான்னு புடிச்சு, மிருகத்துக் கணையத்துல இருந்து மருந்து செஞ்சு வித்தாரு. அதுக்கப்புறம்தான் தோல்ஷாப்புக்காரன் மூக்குக்குக் கொஞ்சம் விடுதலை. புறா எச்சமும் இயற்கைதான்டா, நாய்ப் பீயும் இயற்கைதான். ‘நூறு சதம் இயற்கை’ன்னு நீ எழுதுற எடத்துல அதையும் சேத்து எழுதுவியா? எழுதுனா அந்தப் பூனைகூட எந்திரிச்சுப் போயிரும்.

இப்ப வருவோம் பட்டைக்கு. ஆவாரம்பூவ வெந்நீருல போட்டு ‘ஹெர்பல் டீ’ன்னு உறிஞ்சுறியே, அதே செடியோட பட்டைதான். பொங்கலுக்குக் காப்புக் கட்டுறப்ப ஒடிக்கிறோமே, அதே ஆவாரை. ஒரு துண்டு வாயில போட்டு மெல்லு. நாக்கு மரத்து, உள்வாயெல்லாம் இழுத்துப் புடிக்குதா? அந்தத் துவர்ப்புதான் சரக்கே. எச்சியில இருக்குற புரதத்தப் புடிக்கிற அந்தச் சத்து, தோலுல நாரு நாரா ஓடுற புரதத்தையும் புடிச்சுக்கும். நாருக்கு நடுவுல இருந்த தண்ணியத் தள்ளிட்டு அது உக்காந்துக்கும். பெறகு அழுகவைக்கிற கிருமிக்கு அந்தத் தோலு தீனி ஆகாது. ஆவாரம்பட்டையில 100-க்கு 18 பங்கு பக்கம் இந்தச் சத்து, கடுக்காயில 30 பக்கம். கருவேலம்பட்டை இருக்கு, சரக்கொன்னைப் பட்டை இருக்கு. நம்ம மண்ணுல துவர்ப்புக்குப் பஞ்சமே இல்ல.

நீ என்ன பண்ணுவ தெரியுமா? அவசரக் குடுக்கை. நல்லாக் கொதிக்கவெச்சு, தார் கணக்காக் கெட்டியாப் பட்டைச்சாறு எறக்கி, ஒரே முக்கா முக்குவ. ராத்திரியோட ராத்திரியா மேல செக்கச்செவேல்னு ஏறிரும். ‘தாத்தா, முடிஞ்சுபோச்சு’ன்னு போன் போடுவ. மேல்தோலு மட்டும் சாறக் குடிச்சு இறுகி, கதவச் சாத்திக்கும். உள்ள பச்சைத் தோலு பச்சையாவே கெடக்கும். அதனாலதான் மொதல்ல ஏற்கெனவே நாலு தோலு குடிச்சு ஓஞ்சுபோன பழைய தண்ணியில போடுறது. அடுத்து கொஞ்சம் உரத்த தண்ணி, அதுக்கடுத்து இன்னும் உரம். கடைசியிலதான் புதுப்பட்டை. தெனமும் எடுத்து, வடியவிட்டு, பெரட்டிப் போடணும். தோலோட எடைக்குக் குறையாமப் பட்டை வேணும். ஆட்டுத்தோலுக்கு வாரக்கணக்கு, மாட்டுத்தோலுக்கு மாசம் தாண்டும். நடுவுல ‘வொர்க் ஃப்ரம் ஹோம்’ எல்லாம் அதுக்குக் கெடையாது. அது இருக்குற எடத்துக்குத்தான் நீ போகணும்.

பதமாச்சான்னு தெரியணும்னா கழுத்துப்பக்கம், தடிச்ச எடத்துல, ஓரத்துல ஒரு சின்ன வெட்டு வெட்டிப் பாரு. வெட்டுவாயில மேலயிருந்து கீழ வரைக்கும் ஒரே நெறம் ஓடணும். நடுவுல வெள்ளையாக் கோடு தெரிஞ்சா, வாயத் தொறக்காம மறுபடி குழியில போடு. வேற ஆளுககிட்ட அபிப்பிராயம் கேக்காத. அவங்க எல்லாத்துக்கும் கட்டைவெரலத் தூக்கிக் காட்டுவாங்க.

இரும்பு வாளி, துருப்புடிச்ச ஆணி, கத்தி எதையும் பட்டைத்தண்ணிப் பக்கம் கொண்டுவராத. துவர்ப்பும் இரும்பும் சேந்தா கருப்பு. கடுக்காயும் அன்னபேதியும் சேத்துத்தான் அந்தக் காலத்துல எழுதுற மையே காய்ச்சுனாங்க. நீ ஒரு ஆணியில தொங்கவிட்டா, தோலு உன் யோக்கியதையத் தானே எழுதிக் காட்டும்.

இன்னொரு சங்கதி. ஆவாரந்தண்ணி தோலுக்கு மட்டும்தான் நெறம் குடுக்கும், மயிர விட்டுரும்னு உனக்கு யாரு சொன்னா? மயிரோட முக்குனா மயிரும் பழுப்பாகும். மயிரு தப்பணும்னா சதைப்பக்கம் மட்டும் சாறத் தடவித் தடவி, மடிச்சு வெச்சு, மறுநாளும் தடவணும். வெள்ளை வெளேர்னுதான் வேணும்னா படிகாரமும் உப்பும் போடணும். படிகாரம் செடியில காய்க்கல, தண்ணியில நனைஞ்சா கழண்டும் போயிரும். பெரு நாட்டுல தாரான்னு ஒரு காய் இருக்கு, அது தோல வெளுப்பா வெச்சுக்கும். அதக் கப்பல்ல ஏத்திக் கொண்டுவந்து ‘உள்ளூரு இயற்கை’ன்னு எழுதிக்க. எழுத்துக்கு என்ன, எது வேணா எழுதலாம்.

இந்தப் பட்டைப் பதத்த நீதான் கண்டுபுடிச்சன்னு நெனச்சுக்கிட்டு இருக்க பாரு, அதுதான் எனக்கு ரொம்பப் புடிச்சிருக்கு. 1840-கள்லயே சார்லஸ் டி சூசான்னு பாண்டிச்சேரிக்காரர் ஒருத்தரு மெட்ராசுல ஆவாரம்பட்டைப் பதத்துக்கு ஒரு ஒழுங்கு பண்ணிக் குடுத்து, இந்தத் தோலு லண்டன் வரைக்கும் ஏலத்துக்குப் போச்சு. ‘ஈஸ்ட் இந்தியா லெதர்’னு பேரு. திண்டுக்கல், திருச்சி, ஈரோடு, ஆம்பூரு, வாணியம்பாடின்னு ஊருக்கு ஊரு குழி. நம்ம இங்க அரைப்பதம் போட்டு அனுப்ப, அவன் அங்க பாலீசு போட்டு, தன் பேரப் போட்டு வித்தான். மொத உலகப்போருல வெள்ளைக்காரப் பட்டாளத்து பூட்சுக்கு மேல்தோலு நம்ம மாட்டுத்தோலு. 2008 வாக்குல அதுக்குப் புவிசார் குறியீடும் குடுத்துட்டாங்க. மதுரை மல்லிக்கு முன்னாடியே. மல்லிக்கு மேடை போட்டுப் பாட்டுப் பாடுனாங்க, தோலுக்கு யாரும் பாடல. வாசம் அப்படி.

பெறகு ஏன் பட்டை போச்சுங்குற? குரோம் வந்துச்சு. சாட்டர்டன்னு ஒரு வெள்ளைக்காரர், 1900-களோட தொடக்கத்துல, மெட்ராசுல குரோம் பதத்தப் பழக்குனாரு. எதுக்குத் தெரியுமா? சோபாவுக்கு இல்ல, கமலைக்கு. கெணத்துல தண்ணி எறைக்கிற கமலைத் தோலு ஓயாம நனைஞ்சு கெடக்கும். பட்டையில பதமானது சத்துக் கரைஞ்சு நைஞ்சுபோகும், குரோம் தோலு தாங்கும். பட்டைக்கு வாரக்கணக்குன்னா குரோமுக்கு ஒரு நாளு போதும். கொதிக்கிற தண்ணியில போட்டாலும் நல்ல குரோம் தோலு சுருளாது. ஆவாரம் தோலு 80 டிகிரி பக்கம் வந்தாலே சுருண்டு படுத்துக்கும். பல்லாவரம் பக்கத்துல ஒரு ஊரே அங்க வந்த குரோம் தோல் கம்பெனிப் பேருல குரோம்பேட்டை ஆயிருச்சு. 1970-கள்ல அரைப்பதத் தோல ஏத்துமதி பண்றத அரசாங்கம் கட்டுப்படுத்த, குழிகள மூடிட்டு எல்லாரும் டிரம்மச் சுத்தப் போயிட்டாங்க. யாரும் கெட்டவன் இல்ல. குழிக்குள்ள நின்னவனக் கேட்டா டிரம்ம கும்புட்டிருப்பான்.

குரோம் ஆத்தக் கெடுத்துச்சுங்குற. வாஸ்தவம். 1996-ல சுப்ரீம் கோர்ட்டு, பாலாத்துப் பக்கத்துத் தோல் ஆலைக கேசுல, தலைக்குப் பத்தாயிரம் ரூபா அபராதம் போட்டு, சுத்திகரிப்பு வைக்காத ஆலைய மூடச் சொல்லுச்சு. அதக் காட்டி ‘நான் குரோம் போடமாட்டேன் தாத்தா’ன்னு நெஞ்ச நிமித்துற. சரிடா யோக்கியா, அந்த உப்ப என்ன பண்ணுன? ஓரமா வெச்சோமே. மொதமொதத் தோல ஊறவெச்சுக் கழுவுன தண்ணிய எங்க ஊத்துன? உப்புக்குக் குரோம் தோலு, ஆவாரந்தோலுன்னு வித்தியாசம் தெரியாது. நம்ம ஊருக் கெணறுக கரிச்சுப் போனதுல அதுக்குப் பெரிய பங்கு. சுத்திகரிப்புக்காரனுக்கே இன்னைக்கும் தலைவலி உப்புதான். குரோம வடிச்சு எடுத்துரலாம், கரைஞ்ச உப்ப எடுக்குறது பெரும்பாடு. ஒரு கிலோ தோலுக்கு 30, 40 லிட்டரு தண்ணி செலவாகும். ஓஞ்ச பட்டைத்தண்ணி இருக்கே, டீ டிக்காசன் நெறத்துல, அதக் கொளத்துல விட்டா தண்ணியில இருக்குற பிராணவாயுவ அதுவே குடிச்சுரும், மீனு செத்து மெதக்கும். செடியில இருந்து வந்த தண்ணியாச்சேன்னு மீனு மன்னிக்காது.

பட்டை பத்தலைன்னு சீமை வாட்டில் மரத்தக் கொண்டுவந்து ஊட்டியிலயும் கொடைக்கானல்லயும் நட்டாங்க. அதுலயும் நல்ல துவர்ப்பு. ஆனா மரம், நட்ட எடத்துல நிக்கல. புல்வெளி, சோலைன்னு பாக்காமப் பரவி, இப்ப அத வெட்டியெடுக்கக் கோர்ட்டு உத்தரவு போடுற நெலமை. தோலுக்கு இயற்கை தேடப்போயி மலைக்கு வெனை வந்துச்சு.

மூஞ்சி ஏன் தொங்குது? பண்ணாதன்னு நான் சொன்னேனா? பண்ணு. நாலு தோலுல ஆரம்பி. உப்ப ஒதறி, தனியாக் காயவெச்சுச் சேத்து வை, தண்ணியில விடாத. ஓஞ்ச பட்டைத்தண்ணிய வீசாத, அதுதான் அடுத்த தோலுக்கு மொதத் தண்ணி. சக்கைய வெயில்ல காயப்போட்டா அடுப்பெரிக்கலாம். சுண்ணாம்பு போடாதவரைக்கும் உன் பாவம் கொஞ்சம் கம்மிதான். 

ஆவாரம் முடிஞ்சதும் கடுக்காய்த் தண்ணி. வெறும் ஆவாரந்தோலு வெளிச்சம் பட்டா சிவந்துபோகும். கடுக்காய் அதத் தடுக்கும், நெறத்தையும் மஞ்ச ஓட்டமா ஆக்கிக் குடுக்கும். கடுக்காயத் தோலுக்குக் குடு, வாங்க வர்றவனுக்குக் குடுக்காத. அப்புறம் ஈரம் அரையா இருக்கும்போது புங்கெண்ணெய் தேய்க்கணும், நல்லெண்ணெயும் சேப்பாங்க. எண்ணெய் இல்லேன்னா காஞ்சு அப்பளம் ஆயிரும். நெழலுல காயவெச்சு, அப்பப்ப இழுத்து, கட்டை விளிம்புல தேய்ச்சு, கை வலிக்க வலிக்க நெகிழ்த்தணும். முழுசாக் காஞ்சப்புறம் இழுக்க ஆரம்பிச்சா அது உன் பேச்ச கேக்காது.

எடம் எங்கன்னு யோசிச்சியா? மொட்டை மாடியிலன்னு சொன்னா கீழ் வீட்டுக்காரன் மொதல்ல போலீசக் கூப்புடுவான், அப்புறம்தான் உன்னையக் கூப்புடுவான். நம்ம தோட்டத்துக் கொட்டகையில ரெண்டு சிமெண்டுத் தொட்டி சும்மா கெடக்கு. வாடகை பேசிக்கலாம். மேஸ்திரிக் கூலி வாரக்கூலி, சனிக்கெழமை சாயங்காலம் கைக்கு வந்துறணும். பேரன்னு பாத்துக் கொறைக்கிற பழக்கம் எனக்கில்ல. அந்தச் செல்லுல பணம் அனுப்புறேன்னு டிங்கு டிங்குன்னு சத்தம் காட்டாத, ரொக்கமா வேணும். தொட்டி கழுவுற வேலை உன்னோடது.